அம்கார்ப் மால் வார இறுதிச் சந்தை: கதையை விட்டுவிட்டுத் தட்டைப் பாருங்கள்

மலேசியாவின் பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலில் சனி, ஞாயிறுகளில் கூடும் பழைய பொருள் சந்தைக்கு ஐந்துக்கு நாலு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம். சரக்குக்கு, அதாவது பழைய இசைத்தட்டு, சிடி, கேசட்டுகளுக்கு மட்டும் என்றால் நாலரை. சரக்கோடு சேர்த்து விற்கப்படும் கதைகளுக்கு இரண்டுக்கு மேல் தர மனம் வராது. இந்த மதிப்புரை முழுக்க அந்த இடைவெளியைப் பற்றியதுதான்.

வழி எளிது. கே.எல். சென்ட்ரலில் கிளானா ஜெயா தட எல்.ஆர்.டி ரயில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம் தாமான் ஜெயா. இறங்கி நடந்தால் மால். பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்கு இதைவிட வசதியான இடம் இல்லை. காரில் வருபவர்கள் ஒன்றை மனத்தில் வையுங்கள்: வாங்கிய எல்பியை, அதாவது வினைல் இசைத்தட்டை, வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், திரும்பி வரும்போது அது தட்டாக இருக்காது, கிண்ணமாக இருக்கும். வினைல் வளைந்தபின் நிமிர்த்துவது பெரும்பாலும் நடக்காத காரியம்.

கடைகள் முழுதாக விரிய முற்பகல் ஆகிவிடும். நல்லவற்றை மொத்த வியாபாரிகள் அதற்கு முன்பே பொறுக்கிவிடுகிறார்கள் என்ற புலம்பல் எல்லாச் சந்தையிலும் உண்டு. ஆனால் அவர்கள் தேடுவது மலாய்ப் பாடகர் பி. ரம்லி, அறுபதுகளின் சீனப் பாடகிகள், தமிழ்த் திரைப்பட எல்பிகள். இளையராஜா தட்டுகளின் விலை தனி உலகம், அதற்குள் நுழையவில்லை. எழுபதுகள் முதல் தொண்ணூறுகள் வரையிலான ஆல்டர்நேட்டிவ் ராக் பெட்டிகளை அவர்கள் அவ்வளவாகக் கிளறுவதில்லை. நிதானமாக வந்தாலும் கிடைக்கும்.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், இந்தப் பெட்டிகளில் உள்ள பாடகர்களில் பலருடைய வாழ்க்கையில் ஒரு பெரிய திருப்பம் இருக்கிறது: மரணம், விபத்து, காணாமல் போனது, மேடையில் செய்த ஒரு செயல். கடைக்காரர் தட்டை எடுத்துக் கையில் கொடுக்கும்போதே அந்தக் கதையையும் சேர்த்துக் கொடுப்பார், விலையும் அதற்கேற்ப ஏறும். கதையில் பாதி தவறு. ஆகவே வாங்குவதற்கு முன் மூன்று தேதிகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும்: பாட்டு பதிவான தேதி, சம்பவம் நடந்த தேதி, தட்டு வெளியான தேதி. இந்த மூன்றும் எந்த வரிசையில் வருகின்றன என்று தெரிந்தால்தான் கையில் இருப்பது எது என்று தெரியும்.

அதிகம் கண்ணில் படுவது அமெரிக்க ராக் குழு நிர்வானாவின் எம்டிவி அன்பிளக்ட் இன் நியூயார்க். 'இதுதான் கர்ட் கோபேன் கடைசியாகப் பாடியது' என்று குழுவின் பாடகரைப் பற்றிச் சொல்வார்கள். மேடை முழுக்க அல்லிப் பூவும் கறுப்பு மெழுகுவத்தியும் இருந்ததைச் சொல்லி, தன் சாவுக்குத் தானே ஒப்பனை செய்துகொண்டார் என்றும் சேர்ப்பார்கள். பூவையும் மெழுகுவத்தியையும் அவர்தான் கேட்டார் என்பது உண்மை. ஆனால் அந்த நிகழ்ச்சி பதிவானது 1993 நவம்பர் 18. அதற்குப் பிறகும் அவர் மாதக்கணக்கில் மேடை ஏறினார். குழுவின் கடைசிக் கச்சேரி 1994 மார்ச் 1, ஜெர்மனியின் மியூனிக் நகரில். அவர் இறந்தது ஏப்ரல் 5, வயது 27. இந்தத் தட்டு வெளிவந்தது அதே ஆண்டு நவம்பரில். இறந்தபின் வந்ததால் இறுதிச் சொல் மாதிரி கேட்கிறது, அவ்வளவுதான்.

கடைசிப் பதிவு வேண்டும் என்றால் அதே பெட்டியில் இன்னும் நாலு சிடி தள்ளிப் பாருங்கள். குழுவின் பெயரை மட்டுமே தலைப்பாகக் கொண்ட, கறுப்பு அட்டை போட்ட 2002-ஆம் ஆண்டுத் தொகுப்பு இருக்கும். அதன் முதல் பாட்டு 1994 ஜனவரி இறுதியில் சியாட்டிலில் ராபர்ட் லாங் ஸ்டூடியோவில் பதிவானது. எட்டு ஆண்டுகள் அது அதிகாரபூர்வமாக வெளிவரவில்லை. தொகுப்பு சிடி என்பதால் சேகரிப்பாளர்கள் அதை மதிப்பதில்லை, மலிவாகவே போகும். கதைக்குப் பணம் கொடுப்பவர் அன்பிளக்ட் வாங்குவார். தேதி பார்ப்பவர் இதை வாங்குவார். இசைக்காக என்றால் அன்பிளக்ட் எப்போதும் வாங்கலாம், அதில் சண்டை இல்லை. 14 பாடல்களில் 6 மற்றவர்களுடையவை என்பதே அந்த மனிதர் அந்த இரவில் எதைச் சொல்ல வந்தார் என்பதற்குப் போதுமான சான்று. எல்பி தேடுபவர்கள் 2019-இல் வந்த இரட்டைத் தட்டுப் பதிப்பைப் பார்க்கலாம், ஒத்திகைப் பாடல்கள் ஐந்து அதில் கூடுதல்.

பிரிட்டிஷ் குழு ஜாய் டிவிஷனின் குளோசர் ஆல்பமும் இதே கணக்கில் வருகிறது. அட்டையில் ஒரு கல்லறைச் சிற்பம், இத்தாலியின் ஜெனோவா நகரத்து ஸ்டாலியேனோ இடுகாட்டில் எடுத்த படம். பாடகர் இயன் கர்ட்டிஸ் 1980 மே 18 அன்று, அமெரிக்கப் பயணத்துக்கு முந்தைய நாள், 23 வயதில் இறந்தார். தட்டு ஜூலையில் வந்தது. 'செத்ததுக்கு அப்புறம் கல்லறையை அட்டையில போட்டு வித்தாங்க' என்று கடையில் ஒரு விளக்கம் சுற்றுகிறது. அட்டை அவர் உயிரோடு இருக்கும்போதே முடிவான ஒன்று. பதிவு முடிந்ததும் அந்த ஆண்டு மார்ச்சில், லண்டன் பிரிட்டானியா ரோ ஸ்டூடியோவில். திருப்பம் என்று ஒன்றைச் சுட்டவேண்டுமானால் அதற்கும் முன்னால் போக வேண்டும். 1978 டிசம்பர் 27 அன்று லண்டன் கச்சேரி முடித்து வீடு திரும்பும் வழியில் காரில் வந்த வலிப்பு அது. அடுத்த மாதம் கால்-கை வலிப்பு நோய் என்று உறுதியானது. குழுவின் இரண்டு ஆல்பங்களும் அதற்குப் பின்னால் பதிவானவை.

கடைசிக் கச்சேரியே வேண்டும் என்றால் 1981-இல் வந்த ஸ்டில் என்ற இரட்டைத் தட்டு. 1980 மே 2, பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் பாடியது அதில் உள்ளது. முதல் பதிப்பில் ஒரு பகுதி சாக்குத்துணி அட்டையோடு வந்தது. அது எப்போதாவது கண்ணில் பட்டால் முதலில் மோந்து பாருங்கள். நம் ஊர் ஈரத்தில் சாக்குத்துணி பூஞ்சைக்கு விருந்து. அந்த வாடை அடித்தால் வீட்டில் மற்ற தட்டுகளுக்குப் பக்கத்தில் வைக்கவே முடியாது. மீதியிருந்த மூவர் நியூ ஆர்டர் என்று பெயர் மாற்றிக்கொண்டு வெளியிட்ட முதல் பாட்டுக்கு வரிகள் எப்படிக் கிடைத்தன என்பதும் தெரிந்துவைக்கத் தக்கது. கர்ட்டிஸ் பாடிய ஒத்திகை நாடா தெளிவாக இல்லாததால், அதை ஈக்வலைசர் வழியாகத் திரும்பத் திரும்ப ஓட்டித்தான் சொற்களைப் பிடித்தார்கள். சில இடங்கள் ஊகம்.

இந்தக் காலத்து பிரிட்டிஷ் இண்டி (சிறு நிறுவன) சிடிகளை வாங்குபவர்கள் ஒரு கோளாறைக் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும், கடைகளில் யாரும் சொல்வதில்லை. 1988 முதல் 1993 வரை இங்கிலாந்தின் பிளாக்பர்ன் ஊரில் இருந்த பி.டி.ஓ. ஆலையில் அடித்த சிடிகளில் கணிசமானவை நாளடைவில் செம்பழுப்பாக மாறுகின்றன. மேற்பூச்சு, உறைத் தாளில் இருந்த கந்தகத்தைத் தடுக்கும் தரத்தில் இல்லை. கந்தகம் உள்ளே புகுந்து உலோகப் படலத்தை அரித்தது. விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பழுப்பு ஏறும், கடைசிப் பாட்டுகள் முதலில் போகும், ஏனென்றால் சிடி நடுவிலிருந்து வெளிப்பக்கமாகப் படிக்கப்படுகிறது. தட்டின் முகப்பிலோ உள்வட்டத்திலோ 'மேட் இன் யூ.கே. பை பி.டி.ஓ.' என்று இருந்தால் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வெள்ளியாக மின்னினால் வாங்கலாம். தேநீர் நிறம் தட்டினால் வைத்துவிடுங்கள். துடைத்துப் போகிற கறை அல்ல அது.

உள்வட்டத்தைப் பார்க்கும்போதே இன்னொன்றையும் பார்க்கலாம். இசை நிறுவனங்களின் சர்வதேசக் கூட்டமைப்பைக் குறிக்கும் ஐ.எஃப்.பி.ஐ. என்று மிகச் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு 1994 வாக்கில்தான் சிடிகளில் வரத் தொடங்கியது. 1987-இன் ஆல்பம், 'முதல் பதிப்பு' என்று விலை சொல்கிறார், உள்ளே அந்தக் குறியீடு இருக்கிறது என்றால் முதல் பதிப்பு அல்ல. வட்டத்துக்குள் 'பி' போட்ட ஆண்டு ஒலிப்பதிவின் உரிமைக்கு, வட்டத்துக்குள் 'சி' போட்டது அட்டைக்கும் எழுத்துக்கும். இரண்டும் வேறுபட்டால் அநேகமாக மறுபதிப்பு. அட்டையில் ஒட்டியிருக்கும் உள்நாட்டு வாணிப அமைச்சின் ஹோலோகிராம் சீட்டும் உதவும். அந்த முறை வந்தது 2003-இல். தொண்ணூறுகளின் சிடியில் அது இருந்தால் கடைக்கு வந்த காலம் புரிந்துவிடும்.

ராபர்ட் வயட்டின் ராக் பாட்டம் ஆல்பம் சந்தையில் அபூர்வம். ஆனால் வந்தால் கதை மிகப் பெரிதாக வரும். சாஃப்ட் மெஷின் என்ற பிரிட்டிஷ் குழுவின் டிரம்மராக இருந்தவர், 1973 ஜூன் 1 அன்று லண்டனில் ஒரு விருந்தில் நான்காம் மாடிச் சன்னலிலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். தட்டு 1974 ஜூலை 26 அன்று வந்தது. அதே நாளில் அவருக்கும் ஆல்ஃப்ரீடா பெஞ்சுக்கும் திருமணம். இவ்வளவும் சரி. இதிலிருந்து எல்லோரும் எடுக்கும் முடிவு, 'விழுந்தார், அந்த வேதனையில் இதை எழுதினார்' என்பது. பாட்டுகளில் பெரும்பகுதி விழுவதற்கு முன்பே, வெனிஸில் தங்கியிருந்த மாதங்களில், ஆல்ஃப்ரீடா வாங்கித் தந்த ஒரு சின்ன மின் ஆர்கனில் உருவாகத் தொடங்கியவை. விபத்து மாற்றியது எழுதிய பொருளை அல்ல, வாசிக்கும் முறையை. காலால் இயக்கும் பேஸ் டிரம் இனி இல்லை. அதனால் தாளத்துக்கு விட்ட இடத்தைக் குரலும் சாவிப்பலகையும் எடுத்துக்கொண்டன. நீருக்கடியில் நடப்பதுபோன்ற அந்த வேகத்துக்குக் காரணம் தேடுபவர்கள் அதில் தேடலாம். தயாரிப்பு பிங்க் ஃப்ளாய்டின் நிக் மேசன். முதல் அட்டை வெள்ளைத் தாளில் பென்சில் கோட்டோவியம். 1998 மறுபதிப்பில் ஆல்ஃப்ரீடாவே வண்ணத்தில் வேறொன்று வரைந்தார். அடையாளம் காண அதுவே போதும்.

இதற்கு நேர்மாறான ஏமாற்றம் ஸ்காட்லாந்துப் பாடகர் எட்வின் காலின்ஸ். 2005 பிப்ரவரியில் இரு முறை மூளையில் ரத்தக்கசிவு, பேச்சே போயிற்று. 2007-இல் ஹோம் அகெய்ன் வந்தது. தலைப்பைப் பார்த்து, ஆஸ்பத்திரியிலிருந்து மீண்டு வீடு திரும்பிய ஆல்பம் என்று வாங்குவார்கள். அதன் பதிவு நோய்க்கு முன்பே முடிந்தது, பிறகு நடந்தது கலவை வேலை மட்டும். மீண்டு வந்தபின் எழுதிப் பாடியது 2010-இன் லூசிங் ஸ்லீப். வலது கை முன்போல் உழைக்காத ஒருவர் சுருக்கமான வரிகளில், நேராகப் பேசுவது அதில்தான் கேட்கும். சந்தையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் பலரும் முதலாவதை எடுக்கிறார்கள்.

வேல்ஸ் ராக் குழு மேனிக் ஸ்ட்ரீட் ப்ரீச்சர்ஸ் விஷயத்தில் சிடியின் உள்தாள் இல்லாவிட்டால் வாங்காதீர்கள். அதற்கு வரிகள் எழுதிய கிட்டார்காரர் ரிச்சி எட்வர்ட்ஸ் 1995 பிப்ரவரி 1 அன்று, அமெரிக்காவுக்கு விமானம் ஏறவேண்டிய நாளில், லண்டன் பேஸ்வாட்டர் பகுதி ஹோட்டலிலிருந்து கிளம்பிப் போனவர் திரும்பவில்லை. இறந்ததாகக் கருதலாம் என்று சட்டப்படி அறிவித்தது 2008 நவம்பரில். 1996-இல் வந்த எவ்ரிதிங் மஸ்ட் கோ 'அவர் இல்லாத முதல் ஆல்பம்' என்று விற்கப்படுகிறது. 12 பாடல்களில் 5-க்கு அவர் கைப்பட்டிருக்கிறது. மூன்று முழுக்க அவர் வரிகள், இரண்டு கூட்டாக எழுதியவை. எது எவருடையது என்பது உள்தாளில்தான் இருக்கும். தாள் இல்லாத சிடி இங்கே பாதிச் சிடி. முழுக்க அவர் விட்டுச்சென்ற வரிகளை வைத்தே செய்தது 2009-இன் ஜர்னல் ஃபார் பிளேக் லவர்ஸ். ஜென்னி சாவில் வரைந்த அட்டை பிரிட்டிஷ் சூப்பர்மார்க்கெட்டுகளில் வெற்று உறை போட்டு மறைத்து விற்கப்பட்டது. அதனால் வெறும் உறையோடு கிடைத்தால் போலி என்று பயப்பட வேண்டாம்.

அமெரிக்கக் குழு ஆர்.இ.எம்.முக்கு ஒரு பத்தி போதும். 1995 மார்ச் 1, சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத்து மேடையில் டிரம்மர் பில் பெரிக்கு மூளை ரத்தக்குழாய் வீக்கம் வெடித்தது. பிழைத்தார், 1997 அக்டோபரில் விலகினார், விவசாயத்துக்குப் போனார். 1996-இன் நியூ அட்வென்சர்ஸ் இன் ஹை-ஃபை பெரும்பாலும் அந்த 1995 பயணத்திலேயே கச்சேரிகளிலும் ஒலிச்சோதனைகளிலும் பிடித்தது, அவர் அதில் இருக்கிறார். 1998-இன் அப் அவர் இல்லாதது, டிரம் மெஷின்கள் அந்த இடத்தை நிரப்புகின்றன. அந்தக் குழு பாடல் வரிகளை முதன்முதலில் அச்சிட்டதும் அதில்தான். இந்த இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு டிரம்மர் போனால் என்ன போகும் என்பது விளங்கும். இரண்டும் நிறையக் கிடைக்கும், நிறையக் கொடுக்காதீர்கள்.

அயர்லாந்துப் பாடகி ஷினேட் ஓ'கானர் என்றதும் கடைக்காரர்கள் 1992-க்குத் தாவிவிடுவார்கள். அந்த அக்டோபர் 3 அன்று அமெரிக்கத் தொலைக்காட்சி நேரலையில் போப்பாண்டவர் படத்தைக் கிழித்தது. இரண்டு வாரம்கூட ஆகாமல் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் கூட்டம் ஊளையிட்டது. ஆனால் சந்தையில் கையில் எடுக்கவேண்டியது 1987-இன் தி லயன் அண்ட் தி கோப்ரா. 20 வயது, வயிற்றில் பிள்ளை. வேறொரு தயாரிப்பாளர் செய்துவைத்த பதிவைத் தூக்கி எறிந்துவிட்டு, கடனைத் தலையில் போட்டுக்கொண்டு, தானே தயாரித்தார். பின்னாளில் மேடையில் நடந்ததெல்லாம் அந்த முடிவின் நீட்சி என்றே சொல்லலாம். வாங்குபவர் கவனிக்க வேண்டியது அட்டை. பிரிட்டிஷ் பதிப்பில் வாய் திறந்து கத்தும் முகம். அது கோபமாகத் தெரிகிறது என்று அமெரிக்காவுக்குக் கண்களைத் தாழ்த்தி அமைதியாக நிற்கும் வேறொரு படத்தைப் போட்டார்கள். இரண்டும் இங்கே புழங்குகின்றன. ஒலியில் பெரிய வித்தியாசம் இல்லை, ஆனாலும் கத்தும் அட்டைக்குக் கொஞ்சம் கூடக் கொடுக்கலாம். 2018-இல் அவர் இஸ்லாத்தைத் தழுவியதால் இங்குள்ள மலாய் ரசிகர்களிடையே அவர் தட்டுகளுக்குத் தனி மரியாதை ஒன்று சேர்ந்திருக்கிறது. 2023 ஜூலையில் மறைந்தபின் விலையும்.

தமிழ் வாசகர்கள் இந்தச் சந்தையில் உண்மையில் தேடவேண்டிய பொருள் வேறு. அது பிரிட்டிஷ் ராக் குழு எலாஸ்டிகாவின் தி மெனஸ், 2000-ஆம் ஆண்டுச் சிடி. பாட்டுக்காக அல்ல, முதல் ஆல்பம் அளவுக்கு வராது. அட்டைக்காக. அதைச் செய்தவர் மாதங்கி அருள்பிரகாசம். பின்னாளில் எம்.ஐ.ஏ. என்ற பெயரில் பாடகியானவர். லண்டன் ஹவுன்ஸ்லோவில் 1975-இல் பிறந்து, ஆறு மாதக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், அங்கிருந்து சென்னை, 1986-இல் திரும்ப லண்டன் என்று அலைந்த பெண். அப்போது அவர் இசைக்காரர் இல்லை, சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் திரைப்படம் படித்தவர். எலாஸ்டிகாவின் பாடகி ஜஸ்டின் ஃப்ரிஷ்மன் அட்டை வேலை கொடுத்தார், பிறகு அமெரிக்கப் பயணத்தைப் படம் பிடிக்கச் சொன்னார். அந்தப் பயணத்தில் முன்னால் பாடிய பீச்சஸ் என்ற பாடகி, ரோலண்ட் எம்.சி.-505 என்ற தாளப் பெட்டியை எப்படி ஓட்டுவது என்று காட்டினார். தாளம், பேஸ், சீக்வென்சர் மூன்றும் ஒரே பெட்டியில் என்பதால் வாத்தியம் தெரியாதவரும் தனியாகப் பாட்டுக் கட்டலாம். ஊர் திரும்பி ஃப்ரிஷ்மனிடமே அந்தப் பெட்டியை இரவல் வாங்கி வீட்டில் வைத்துச் செய்தவற்றிலிருந்துதான் 2005-இன் அருளர் ஆல்பம் வளர்ந்தது. ஆக, ஒரு தமிழ்ப் பெண் கேமராவிலிருந்து இசைக்கு மாறிய திருப்பத்தின் அச்சுப் பிரதி இந்தச் சிடி. அதைச் சந்தையில் யாரும் கதையாகச் சொல்லி விற்பதில்லை. தொண்ணூறுகளின் பிரிட்பாப் (பிரிட்டிஷ் கிட்டார் பாப் அலை) மிச்சம் என்று அடித்தட்டுப் பெட்டியில் கிடக்கும்.

அருளர் தகப்பனாரின் இயக்கப் பெயர். அடுத்தது 2007-இன் கலா, தாயார் பெயர். இதிலும் ஒரு திருப்பம் இருக்கிறது, சம்பவம் முந்தியும் பதிவு பிந்தியும் வரும் நேரான வரிசையில். 2006-இல் அமெரிக்க விசா கிடைக்கவில்லை. அமெரிக்க இசைத் தயாரிப்பாளர் டிம்பலண்டோடு அங்கே உட்கார்ந்து முழு ஆல்பத்தையும் முடிக்கும் திட்டம் கவிழ்ந்தது. அதனால் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று போன இடமெல்லாம் பதிவு. சென்னையில் ஏ.ஆர். ரஹ்மானின் ஸ்டூடியோவைப் பயன்படுத்திக்கொண்டார், உருமிக்காரர்களைக் கூட்டிவைத்து அடிக்கவைத்தார். விசா கிடைத்திருந்தால் இந்த உருமி இந்த ஆல்பத்தில் இருந்திருக்குமா என்பது சந்தேகம். தைப்பூசத்தில் பத்துமலைப் படியேறியவர்களுக்கு அதைப் பற்றி விளக்கம் தேவையில்லை. மேற்கத்தியச் செவிக்கு வெறும் முரசாகக் கேட்கும் இடத்தில் நம் ஊர்ச் செவிக்கு அடிக்கும் குச்சியும் தேய்க்கும் குச்சியும் தனித்தனியாகக் கேட்கும். முதல் பாட்டில் தளபதியின் காட்டுக்குயிலு துண்டு ஒன்று ஒளிந்திருக்கிறது. கண்டுபிடிக்கக் கடினமில்லை.

கலாவை வாங்கும்போது எல்பியா சிடியா என்றால், உருமியின் அடித்தொனிக்காக எல்பி நல்லது, தட்டு நேராக இருந்தால். பக்கவாட்டில் கண்மட்டத்துக்குப் பிடித்துச் சுற்றுங்கள். விளிம்பு லேசாக ஏறி இறங்குவது பரவாயில்லை, ஊசி தாங்கும். ஒரே இடத்தில் சட்டென்று தூக்கினால் அங்கே ஊசி துள்ளும். சில கடைகளில் கையடக்க பிளேயர் இருக்கிறது, போட்டுக் காட்டச் சொல்லிக் கேட்கலாம். ஆனால் அந்த மலிவு பிளேயர்களின் ஊசி பள்ளத்தை அழுத்தும் கனம் அதிகம், அரை நிமிடத்துக்கு மேல் ஓடவிட வேண்டாம்.

எல்லாக் கடைகளிலும் பொதுவாக உள்ள குறை ஒன்று: தட்டுகளைக் கெட்டியான, பளபளப்பான பி.வி.சி. உறையில் போட்டு விற்கிறார்கள். பார்க்க அழகு. பி.வி.சி.யில் உள்ள இளக்கிப் பொருள் நம் வெப்பத்தில் கசிந்து, நாளடைவில் வினைலின் மேல் பாலாடைபோல் ஒரு மூட்டம் படியும். அந்த மூட்டம் கழுவினாலும் போகாது, ஓட்டினால் இரைச்சல். வாங்கியதும் அந்த உறையைக் கழற்றிவிட்டு பாலிபுரொப்பிலீன் உறைக்கு மாற்றுங்கள். வெறும் பூஞ்சை என்றால் கழுவலாம்: காய்ச்சி வடித்த நீர் (வடிநீர்) நாலு பங்கு, 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹால் ஒரு பங்கு, ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மைக்ரோஃபைபர் துணி, பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, பிறகு வெறும் வடிநீரில் ஒருமுறை அலசி நிறுத்தி உலர்த்த வேண்டும். குழாய்த் தண்ணீரில் கடைசி அலசல் வேண்டாம், காய்ந்தால் உப்புப் படிந்து டிக் டிக் என்று கேட்கும். 78 வேக அரக்குத் தட்டுக்கு இந்தக் கலவை ஆகவே ஆகாது, ஆல்கஹால் அரக்கைக் கரைத்துவிடும்.

கேசட்டுக்கு வேறு சோதனை. சன்னல் வழியாக நாடாச் சுருளைப் பாருங்கள், வெள்ளைப் புள்ளி தெரிந்தால் பூஞ்சை. அதை ஓட்டினால் பிளேயரின் தலையில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போகும். கீழ்ப்பக்கம் நாடாவுக்குப் பின்னால் சின்ன ஃபெல்ட் துண்டு ஒன்று செப்புப் பட்டையில் ஒட்டியிருக்க வேண்டும். பழைய பசை காய்ந்து அது விழுந்திருந்தால் நாடா தலையோடு ஒட்டாமல் ஒலி மங்கும். ஐந்து திருகாணி உள்ள கூடு என்றால் பிரித்து மாற்றலாம், ஒட்டிய கூடு என்றால் உடைக்க வேண்டும். போலிக் கேசட்டைப் பிடிக்க எளிய வழி: உள்தாளில் அட்டவணை எண் இல்லாதது, படம் நகலெடுத்ததுபோல் கலங்கியிருப்பது, இரண்டாம் பக்கக் கடைசியில் வேறு குழுவின் பாட்டு ஒட்டியிருப்பது. அன்பிளக்ட் கேசட்டில் இது அடிக்கடி உண்டு.

விலை பேசுவது இங்கே தவறல்ல. 'அங்கிள், போலே கூராங்?' (குறைக்க முடியுமா?) என்று சிரித்துக்கொண்டு கேட்டாலே போதும், மூன்று நாலு ஒன்றாக எடுத்தால் தானாக இறங்கும். கேசட்டுக்குப் பத்து வெள்ளிக்கு (ரிங்கிட்) மேலும், சாதாரண சிடிக்கு இருபத்தைந்துக்கு மேலும் கொடுக்க வேண்டிய அவசியம் அரிது. பாடகரின் சாவை முதலில் சொல்லிப் பிறகு விலையைச் சொல்பவரிடம் வட்டத்துக்குள் உள்ள ஆண்டைக் காட்டுங்கள், பேச்சு வேறு தொனிக்கு மாறும். டச்-அண்ட்-கோ, டூயிட்நவ் கியூ.ஆர். பெரும்பாலும் உண்டு, இருந்தாலும் சில்லறை நோட்டு வைத்திருப்பவருக்குத்தான் கடைசி ஐந்து வெள்ளி குறையும். கையில் ஒரு சின்ன டார்ச் கட்டாயம், மாலின் விளக்கு கீறலைக் காட்டிக்கொடுக்காது.

பினாங்குக்காரர்கள் லோரோங் கூலிட் காலைச் சந்தை இருக்கும்போது எதற்கு இவ்வளவு தூரம் என்று கேட்கலாம். அங்கே விலை இன்னும் குறைவு, கதையும் குறைவு. பழைய சாமான் குவியலில் தட்டும் ஒரு சாமான், அவ்வளவுதான். ஆனால் திறந்த வெளி, தரையில் விரிப்பு, வெயில் ஏற ஏற எல்பி வளையும். ஆகவே அங்கே கேசட்டும் சிடியும் மட்டும், அதுவும் வெயில் சுடுவதற்கு முன். எல்பிக்கு அம்கார்ப்.